தொட்டுப் பார்க்கிற வயது

ஜூன் 2

காலையிலிருந்து களிமண்தான். மகள் உருண்டை பிடித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டாள், நேரே அடியில் போய் உட்கார்ந்தது. இன்னும் சின்னதாக ஒன்று பிடித்தாள், அதுவும் போயிற்று. “ஏம்மா முங்குது?” என்றாள். மாமா நாற்காலியிலிருந்தே பதில் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

“நீ என்ன நினைக்கிற?”

“கனமா இருக்கு, அதான்.”

நாலரை வயதுக்கு நல்ல பதில். அதே மண்ணை வேறு மாதிரி செய்து போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாம்பு திரித்தாள், முங்கியது. தட்டையாகத் தட்டிப் போட்டாள், சாய்ந்துகொண்டே இறங்கியது. வெகுநேரம் கழித்து, அந்தத் தட்டையின் விளிம்பை மேலே மடக்கினாள். மிதந்தது. கத்தவில்லை, கை தட்டவில்லை. முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு விரலால் கிண்ணத்தை மெல்ல அழுத்தினாள். விட்டதும் அது மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். “தண்ணி தள்ளுதும்மா, என் விரல்ல தெரியுது!”

கிண்ணமாக ஆனதும் அதே மண் கூடுதலான தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடை மண்ணின் எடைக்குச் சமமானால் மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் பெயரோடு இதைப் பள்ளியில் என்றாவது படிப்பாள். தண்ணீர் தள்ளுவது இன்றைக்கே அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது, அவசரமே இல்லை.

விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். சின்னக் குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். தண்ணீர் விளையாட்டு என்றால் ஒரு பெரியவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும்.

ஜூன் 5

சின்னவன் கரண்டியைக் கீழே போடுகிறான். எடுத்துக் கொடுக்கிறோம், போடுகிறான். அத்தைக்குக் குனிந்து குனிந்து இடுப்பு வலி. “வேணும்னே பண்றான்” என்கிறார். வேண்டுமென்றேதான் செய்கிறான், ஆனால் குறும்புக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எய்மி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 11 மாதக் குழந்தைகளுக்கு நடக்கவே முடியாத காட்சிகளைக் காட்டினார்கள். சில குழந்தைகள் பார்த்தது, ஒரு பொருள் கெட்டியான சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போவது போன்ற காட்சி. வேறு சிலர் பார்த்தது, பிடிமானமே இல்லாமல் பொருள் அந்தரத்தில் நிற்பது. பிறகு அந்தப் பொருளைக் கையில் கொடுத்தார்கள். சுவரைத் தாண்டியதைப் பார்த்த குழந்தைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்த குழந்தைகள் அதைக் கீழே போட்டுப் பார்த்தன. எது ஆச்சரியப்படுத்தியதோ அதற்கேற்ற சோதனை! பேச்சு வராத வயதில்!

அத்தைக்கு இதைச் சொன்னேன். கரண்டியில் நூல் கட்டி நாற்காலியில் முடிச்சுப் போட்டார். இப்போது அவன் கரண்டியைப் போட்டுவிட்டு நூலை ஆராய்கிறான்.

ஜூன் 9

கெட்டுப்போன ரேடியோ ஒன்றை மகளிடம் பிரிக்கக் கொடுத்தோம். மின்கலங்களை எடுத்துவிட்டேன். திருப்புளியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதைக் காட்டிக்கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒரு திருகு கழன்று மேசையில் உருண்டதும் அவள் மூச்சு விட்ட சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

எங்கே காட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி எப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதுமையான பொம்மை வரும். கீச்சென்று ஒலிக்கும் ஒரு குழாய், எரியும் விளக்கு, இசை எழுப்பும் பொத்தான்கள், உள்ளே ஒளிந்திருக்கும் கண்ணாடி என்று அதில் நான்கு வேலைகள் உண்டு. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பெரியவர் “இது இப்படித்தான் வேலை செய்யும்” என்று கீச்சொலியைக் காட்டிக் கற்றுத் தந்தார். மற்றவர்களில் சிலருக்கு அதே ஒலி தற்செயலாக வந்ததுபோல் நடித்தார்கள். கற்றுத் தரப்பட்ட குழந்தைகள் அந்த ஒலியையே திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். மற்ற மூன்று வேலைகளைத் தேடியது குறைவு, விளையாடிய நேரமும் குறைவு.

குழந்தைகள் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. தெரிந்த ஒருவர் இவ்வளவுதான் காட்டினார் என்றால் இவ்வளவுதான் இருக்கும் என்று நியாயமாகவே நினைத்தார்கள். அதனால் சொல்லித்தரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கத்தரிக்கோல், திருப்புளி, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பிடிக்கக் காட்டத்தான் வேண்டும். கருவி கையில் பழகியபிறகு, “இதில் இன்னும் என்னவோ இருக்கிறது” என்ற எண்ணம் குழந்தைக்கு வரும்படி நாம் ஒதுங்கிவிடலாம்.

பிரிக்கக் கொடுக்கும் பொருளில் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற வட்டமான பொத்தான் மின்கலம் இருந்தால் கொடுப்பதில்லை. விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சின்னச் சின்ன வலுவான காந்தங்களும் அப்படித்தான், ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். சுவரில் செருகும் சாதனங்களும் வேண்டாம், உள்ளே மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கழன்ற திருகுகளை எல்லாம் மூடி போட்ட டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்தாயிற்று, தவழ்கிற ஆள் ஒருவன் வீட்டில் இருக்கிறான்.

ஜூன் 14

போன வாரம் கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரப் பஞ்சு வைத்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவரை விதைகளைச் செருகினோம். வேர் கண்ணாடியோரமாக இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். இன்று அவள் குவளையைப் படுக்கவைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. “வேருக்கு வழி தெரியுமான்னு பாக்கறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏறக்குறைய இதே கேள்வியை 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற இங்கிலாந்துத் தோட்டக்கலை அறிஞர் கேட்டார். ஓடும் நீரால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் முளைக்கும் விதைகளைக் கட்டிவைத்தார். வேர்கள் சக்கரத்துக்கு வெளிப்பக்கமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சி வெளியே தள்ளிய பக்கத்தையே செடி கீழ்ப்பக்கமாக எடுத்துக்கொண்டது. செடி புவியீர்ப்பை உணர்கிறது என்பதற்கு அது பெரிய ஆதாரமாயிற்று. வேர்நுனியின் செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. அவை அடியில் படிவதை வைத்துத்தான் வேர் கீழ்ப்பக்கத்தைக் கண்டுகொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது.

ஜூன் 15

வேர் வளைந்துவிட்டது. நுனி மட்டும் கீழே பார்க்கிறது. இன்னொரு பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். தண்ணீர் தெளித்ததோடு சரி, வேறு எதுவும் நான் செய்யவில்லை.

ஜூன் 21

எறும்பு வரிசை. குறுக்கே விரலால் ஒரு கோடு தேய்த்தாள், அந்த இடத்தில் எறும்புகள் தடுமாறிச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் வழி சேர்ந்துவிட்டது. “அது எப்படிக் கண்டுபிடிச்சுது? கண்ணாலயா?” வாசனையாலும் இருக்கலாம் இல்லையா என்று கேட்டு வைத்தேன். மூக்கைத் தரையில் வைத்து மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லையாம். உயிருள்ளதை நசுக்கக்கூடாது, பார்த்தபின் அதன் வழியில் விட்டுவிட வேண்டும். இது ஒன்றுதான் நான் போட்ட சட்டம்.

ஜூன் 27

தோழி ஒருத்தி, எந்த அறிவியல் பெட்டி வாங்கலாம் என்று கேட்டாள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பெட்டிக்குள் முடிவு ஏற்கெனவே எழுதியிருக்கிறது. படத்தில் இருப்பதுபோல் வந்தால் சரி, வராவிட்டால் குழந்தை அழுகிறது. அட்டைப்பெட்டி, நூல், புனல், மணல், பூதக்கண்ணாடி, நல்ல டார்ச் விளக்கு, இவற்றைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் வை என்றேன். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி நடத்திய குழந்தைகள் இல்லத்தில் பொருள்களைத் தாழ்ந்த அலமாரிகளில் வைத்து, பிள்ளைகளே எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். கேட்டு வாங்க வேண்டியிருந்தால், கேட்பதற்குள்ளேயே பாதி ஆசை போய்விடும்.

பொருளைவிடக் கடினம் நேரம். களிமண் கிண்ணமாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான். நடுவில் “கிளம்பு, நேரமாச்சு” என்று ஒரு குரல் வந்திருந்தால் பாம்போடு முடிந்திருக்கும். எல்லா நாளும் இப்படி உட்கார முடியாது, வேலைக்குப் போகிற வீட்டில் முடியவே முடியாது. வாரத்தில் ஒரு காலைப்பொழுதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அன்று வீடு அழுக்காகும் என்பது எல்லோருக்கும் தெரியும், துடைக்கும் துணி அவள் கைக்கெட்டும் இடத்திலேயே தொங்குகிறது.

தோழி அடுத்து கேட்டது: “அவ கேக்கறதுக்கு எனக்கே பதில் தெரியலன்னா?” தெரியாது, வா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கூடவே தரையில் உட்காரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறாள். களிமண் ஊறவைக்க வேண்டும்.