குட்டி ஆமையைக் காய வைத்து வளர்க்கச் சொன்னால் நம்பாதீர்கள்

மகளின் பிறந்தநாளுக்கு அவள் சித்தப்பா சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடவே கண்ணாடித் தொட்டி, மரத்தூள், சூட்டு விளக்கு, ஒரு டப்பா பெல்லெட் தீனி. "இது பாலைவனத்து ஆமை, தண்ணியே காட்டாதீங்க, விளக்க ராப்பகலா எரிய விடுங்க" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பேச்சால் குட்டி செத்தே போயிருக்கும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முதலில் சாப்பாட்டை நிறுத்தியது. பிறகு கண்கள் உள்ளே போய்விட்டன. சிறுநீரோடு வெள்ளையாக வருவது வழக்கம்தான், ஆனால் அது தொட்டால் மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. கடைக்குப் போன் செய்தால், "புது இடம்லே, பழகிடும்" என்றார்கள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பழகும் வரை காத்திருக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும்.

சரி, மருத்துவரிடம் காட்டலாம் என்றால் அது தனிப் பாடு. நாங்கள் பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பாலத்தைத் தாண்டி அக்கரையில் பிறை பக்கம் ஒரு மிருக கிளினிக்குக்குப் போன் செய்து, "ஆமை பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாலத்தில் நெரிசல், மடியில் துண்டு சுற்றிய பெட்டி. போய்ச் சேர்ந்தால் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஊர்வன பார்க்கும் டாக்டர் இன்றைக்கு வரமாட்டார், மற்ற டாக்டர்கள் நாய், பூனைதான்" என்றார். போனில் பேசியதைச் சொன்னேன். யார் பேசியது என்று என்னையே திருப்பிக் கேட்டார். சூடு, தண்ணீர் எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. மறுபடி அதே பாலம், அதே நெரிசல்.

அதனால் போன் செய்யும்போது "ஆமை பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த டாக்டர் பார்க்கிறார், இன்று எத்தனை மணி வரை இருப்பார், தரை ஆமைக்கு எக்ஸ்ரே எடுக்க வசதி உண்டா என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆமை வீட்டுக்கு வருவதற்கு முன்பே டாக்டரைத் தேடி வையுங்கள்.

அடுத்து போன இடம் தீவிலேயே கிடைத்தது. அந்த டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். எடை பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், கல் இல்லை என்றார். ஊசி கிடையாது. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார வைக்கச் சொன்னார். தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும், தலை மூழ்கக் கூடாது.

பாலைவனம் என்ற கதையையும் அவர்தான் தெளிவாக்கினார். சல்காட்டாவின் ஊர் சகாராவின் தெற்கு ஓரம், சாஹேல். அங்கே வெயில் கடுமை, ஆனால் ஆமை வெயிலில் காய்வதில்லை. மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி அந்த ஈரத்தில்தான் பெரும்பாலான நேரம் கிடக்கிறது. காய்ந்த தொட்டியில் வளர்கிற குட்டிக்கு உடம்பு வற்றுவதோடு ஓடும் மேடு மேடாகப் புடைத்துக்கொண்டு வளரும். அப்படிப் புடைத்தது பிறகு சமமாகாது. பினாங்குக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதை ஏர்கோனும் அணையாத விளக்கும் சேர்ந்துதான் உறிஞ்சி எடுத்தன.

மரத்தூளைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நார்த்தூளை ஈரமாகப் பரப்பினோம். ஒரு மூலையில் ஈர மறைவிடம், தாழ்வான தண்ணீர்த் தட்டு. விளக்குக்கு நேர் கீழே 35 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, மறுபக்கம் குளிர்ச்சி. இரவில் வெளிச்சம் இல்லை. இன்னொன்று, சூட்டு விளக்கு வேறு, யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு வேறு. யூவிபி இல்லாமல் எலும்பும் ஓடும் உறுதிப்படாது. கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு, "ஜன்னல் பக்கம் வையுங்க, வெயில் வரும்" என்றார். ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும்! அதற்காகக் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளேயே வெந்துவிடும். காலை வெயிலில் பால்கனியில் விடுவதென்றால் பாதி இடம் நிழலாக இருக்கட்டும், மேலே கம்பி வலை போடுங்கள். எங்கள் பக்கத்துக் காக்கைகள் கண் மூடித் திறப்பதற்குள் தூக்கிவிடும்.

அப்புறம் காகிதம். ரசீதில் "ஆமை 1" என்று மட்டும் இருந்தது. தரை ஆமை இனங்கள் எல்லாமே சைட்டஸ், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. சல்காட்டா இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மஞ்சள் கோடு போட்ட இந்திய நட்சத்திர ஆமை 2019-இலிருந்து முதலாம் பட்டியலில், அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே இடமில்லாத இடத்தில் இருக்கிறது. யாராவது அதை மலிவாகத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். நான் கடைக்குப் போய் இனத்தின் பெயர், எங்கே பொரித்தது, கடையின் உரிமம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டேன். முதலாளி வெளியூர், அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். நகல் வரும் வரை நகரமாட்டேன் என்று கவுண்டர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலாளி உள்ளே இருந்துதான் வந்தார். வாங்குவதற்கு முன்பே இந்த இனத்தை வீட்டில் வைக்க என்ன அனுமதி வேண்டும் என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் நேராகக் கேட்டுக்கொள்வது நல்லது. கடைக்காரர் சொல்வது போதாது.

மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று தினமும் சொல்வார். குட்டி தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு அவரேதான் கீழே இறங்கி செம்பருத்தி இலையும் பூவும் பறித்து வருகிறார். வாழைப்பழம் ஊட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பழம் இந்த ஆமையின் வயிற்றுக்கு ஆகாது. புல், செம்பருத்தி இலை, மல்பெரி இலை இவைதான் முக்கியம், மேலே கொஞ்சம் கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டிப் போடுகிறோம். பசலைக்கீரையைத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. சாலையோரப் புல் வேண்டவே வேண்டாம், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். ஆமையைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இப்போது கண் தெளிந்துவிட்டது, எடை வாரா வாரம் ஏறுகிறது. முதல் தடவை இலையைக் கடித்து இழுத்த அன்று மகள் வீடு முழுக்க ஓடினாள்.

சிலர், "வளர்க்க முடியலைன்னா கெக் லோக் சி குளத்தில் விட்டுடுங்க" என்று சொல்கிறார்கள். ஆயர் ஈத்தாமில் உள்ள அந்தக் கோயில் குளத்தில் நிறைய ஆமைகள் இருப்பது உண்மை. ஆனால் அவை நீரில் வாழ்கிறவை. சல்காட்டாவுக்கு நீந்தத் தெரியாது, குளத்தில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். வளர்ந்தால் 40 கிலோவுக்கு மேல் போகும், நம்மைவிட அதிக காலம் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. புக்கிட் மெர்தாஜாமில் தரை வீட்டில் இருக்கும் நாத்தனாரிடம் இப்போதே பேசிவிட்டோம். பின்புறத்தில் வேலி போட இடம் அளந்து வைத்திருக்கிறார்.