கதையில் மூக்கும் தோலும் வேலை செய்யும் இடங்கள்

சிறுகதையில் புலன் படிமத்தை, அதாவது கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஏதாவது ஒன்றால் வாசகர் நேராக உணரும்படி எழுதிய இடத்தை, கண்டுபிடிக்கச் சொன்னால் பலரும் பெயரடைகளைத் தேடி அடிக்கோடு போடுகிறார்கள். 'அழகான', 'பயங்கரமான', 'அற்புதமான'. இந்த மூன்றையும் கண்ணாலோ காதாலோ பிடிக்க முடியாது. மூன்றும் எழுதியவரின் தீர்ப்பு, அவ்வளவுதான்.

இதற்காகவே எழுதிய ஒரு பத்தி:

"கதவைத் தள்ளினான். தாழ்ப்பாளின் துரு விரலில் செம்பொடியாய் ஒட்டியது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. துக்கம் பொங்கியது. அம்மாவின் அழகான அறை இருண்டு கிடந்தது."

முதலில் பென்சில் இல்லாமல் ஒருமுறை வாசியுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஓரத்தில் க (கண்), செ (செவி), நா (நாக்கு), மூ (மூக்கு), தோ (தோல்) என்று குறியுங்கள். துருவுக்கு 'க', 'தோ' இரண்டும் வரும்: செம்மை கண்ணுக்கு, பொடி விரலுக்கு. சுண்ணாம்பு வாடைக்கு 'மூ'. சொட்டுக்கு 'செ', அதோடு, இரண்டு சொட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அந்த வீட்டின் வெறுமையைச் சொல்கிறது. 'இருண்டு' கண்ணுக்குத்தான், ஆனால் மங்கலான படிமம். 'துக்கம் பொங்கியது' ஏமாற்றும் இடம். பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் பழகிப் பழகி அந்த வினை தேய்ந்துவிட்டது, வாசிக்கிறவருக்கு எதுவும் பொங்குவதாகத் தெரிவதில்லை. 'கசப்பான அனுபவம்', 'சூடான விவாதம்' எல்லாம் இதே கணக்கு. நாக்கும் தோலும் அங்கே சும்மா இருக்கின்றன.

உவமையையும் படிமத்தையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. 'அவள் கோபம் நெருப்பு மாதிரி' என்பது உவமை. ஆனால் அந்தச் சூடு தோலில் உறைப்பதில்லை. 'உதட்டைக் கடித்ததில் நாக்கில் இரும்புச் சுவை' என்பதில் 'மாதிரி', 'போல' என்ற உவம உருபே இல்லை, சுவை நேராக வந்துவிடுகிறது.

'பார்த்தான்', 'கேட்டது', 'உணர்ந்தாள்' போன்ற வினைகளையும் நம்பிவிடாதீர்கள். 'ஒரு சத்தம் கேட்டது' என்றால் சத்தம் உண்டு என்ற தகவல் மட்டும் கிடைக்கிறது. 'எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது' என்பதில் 'கேட்டது' என்ற சொல்லே இல்லை, ஆனால் காதில் விழுகிறது.

தமிழில் இரட்டைக்கிளவி நல்ல துப்பு. அதற்காக எல்லாவற்றையும் ஒலியில் சேர்த்துவிடக் கூடாது. சலசல காதுக்கு, மினுமினு கண்ணுக்கு, சொரசொர தோலுக்கு, கமகம மூக்குக்கு. 'மொறுமொறு'வுக்குப் பெரும்பாலானோர் 'நா' போடுவார்கள். உண்மையில் அது பல்லில் படும் தொடுகையும் காதில் கேட்கும் ஒலியும்தான். உப்பா இனிப்பா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை.

தலைசுற்றல், பசி, மூச்சு முட்டல், கால் மரத்துப்போதல் எல்லாம் ஐந்து கட்டங்களில் அடங்காது. அவற்றுக்கு 'உ' என்று உடலுக்கு ஓர் ஆறாவது குறி வைத்துக்கொள்ளலாம். 'எந்த வாசனையும் இல்லை' போன்ற மறுப்புகளை அடைப்புக்குறிக்குள் 'மூ' என்று குறியுங்கள். இல்லை என்று சொல்வதற்காகவே மூக்கு ஒரு கணம் தேடிவிடுகிறது.

குறித்து முடித்ததும் எண்ணுவதைவிட, குறிகள் எங்கே நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலான கதைகளில் 'க' தான் மொய்த்திருக்கும், அதில் பெரிய சேதி இல்லை. அதுவரை கண்ணாலேயே நகர்ந்த கதையில் திடீரென்று 'மூ', 'தோ' வந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி வாசியுங்கள். பாத்திரம் எதையோ நெருங்கிவிட்டது, அல்லது ஏதோ நினைவுக்கு வருகிறது. ஒரே படிமம் திரும்பி வருகிறதா என்றும் கவனியுங்கள். மேலே உள்ள பத்தியில் தொடங்கும் கதை, கடைசி வரியில் சொட்டுகள் அடுத்தடுத்து விழுவதாக முடிந்தால், அந்த இரண்டு இடங்களையும் கோடு போட்டு இணையுங்கள்.