மெத்தடோனிலிருந்து பியூப்ரினார்பினுக்கு மாறியது

மெத்தடோனை விட்டு பியூப்ரினார்பினுக்கு மாறப்போகிறேன் என்று சொன்னதும் சிலர் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். பாதி குணமாகிவிட்டேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள் போல. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஹெராயின் மாதிரியான ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கு இரண்டுமே நல்ல மருந்துகள்தான், இரண்டுமே 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தவை. நான் மாறியது ஈசிஜியால். மெத்தடோன் சிலருக்கு க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்ரீதியாக இயங்கி மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டிவிடும், அது 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகப் போகும் அபாயம் கூடிவிடும், என்னுடையது அந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. வியர்வைத் தொல்லையும் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன்.

பாடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் ஏற்பிகளைப் பியூப்ரினார்பின் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முழு வேலை செய்யாது, பாதிதான் செய்யும். உடம்பில் மெத்தடோன் நிறைய இருக்கும்போது இதைப் போட்டால், நாற்காலியில் இருப்பவரைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும் ஆளைப் போல மெத்தடோனை வெளியேற்றிவிடும். பல நாட்களில் மெல்ல வர வேண்டிய வித்டிராயல், அதாவது ஓபியாய்டு நின்றதும் உடம்பு படும் அவஸ்தை, அத்தனையும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து இறங்கும். வாந்தி, பேதி, நடுக்கம், உடம்புக்குள்ளிருந்து வெளியே ஓடிவிடலாமா என்கிற தவிப்பு எல்லாம் ஒரே நேரத்தில். போதாக்குறைக்கு மெத்தடோன் சீக்கிரம் கிளம்பும் மருந்தும் இல்லை. அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் இருப்பதில் பாதி குறைய ஆகும் நேரம், சராசரியாக ஒரு நாள் அல்லது அதற்கு மேல், ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேறு அதிகம். 'பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நாளில் சரியானது' என்ற கணக்கெல்லாம் இங்கே உதவாது.

வழக்கமான முறை இதுதான்: மெத்தடோனை மெல்லக் குறைத்து நாளுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே கொண்டுவர வேண்டும், அப்புறம் நிறுத்திவிட்டு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை காத்திருக்க வேண்டும், வித்டிராயல் தெளிவாக வந்த பிறகுதான் முதல் மாத்திரை. யோசித்துப் பாருங்கள், வருஷக்கணக்காக எதற்குப் பயந்து ஓடினோமோ, அதற்குள்ளேயே உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம் மோசமாகட்டும்' என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். என் டோஸோ 30-லிருந்து வெகு தூரத்தில் இருந்தது. குறைத்துக்கொண்டு வரும் அந்த வாரங்களில்தான் பலர் பழைய சரக்குக்குத் திரும்பிப் போகிறார்கள், அதனால் எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை.

டாக்டர் சொன்னது இன்னொரு வழி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2016-ல் எழுதியது, பெர்ன் முறை என்றே பெயர். மெத்தடோனை நிறுத்தாமல் வழக்கம்போல் எடுத்துக்கொண்டே, பியூப்ரினார்பினை 0.2 மில்லிகிராம் மாதிரி துளியூண்டு அளவில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டுவது, போதுமான அளவு சேர்ந்ததும் மெத்தடோனை ஒரேயடியாக நிறுத்திவிடுவது. இடையில் எந்த மருந்தும் இல்லாமல் காத்துக்கிடக்கும் காலம் இல்லை. ஆனால் சொந்தக் கணக்கில் வீட்டில் செய்துபார்க்கிற விஷயம் இல்லை இது, அளவு கொஞ்சம் பிசகினாலும் மேலே சொன்ன கூத்துதான்.

அந்த முறையில் ஆரம்பித்த பிறகு நர்ஸ் ஒரு தாளோடு வருவார். வித்டிராயல் எவ்வளவு என்று அளக்கும் கௌஸ் அட்டவணை, மொத்தம் 11 கேள்விகள். நாடி பார்ப்பார், கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார், கையைத் தடவி மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று பார்ப்பார், நீட்டிய விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். கொட்டாவிக்குக்கூட மதிப்பெண் உண்டு: ஒன்றிரண்டு விட்டால் 1, மூன்றோ அதற்கு மேலோ போனால் 2, நிமிஷத்துக்கே பலமுறை என்றால் 4. எனக்கோ முந்தின இரவு தூக்கமே இல்லை, இது எந்தக் கொட்டாவி என்று எனக்கே தெரியவில்லை, அவரிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே 1 போட்டுவிட்டுப் போனார். கடைசி வரை பெரிய சம்பவம் எதுவும் நடக்கவில்லை. மெத்தடோன் நின்ற பிறகு கொஞ்ச நாள் கால் குடைச்சலும் எரிச்சலும் இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு தப்பான நம்பிக்கை எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பியூப்ரினார்பின் மாத்திரை சிலவற்றில் கூடவே இருக்கும், ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நாலோக்சோன்தான் அந்தத் திடீர் வித்டிராயலைக் கொண்டுவருகிறது என்கிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் நாலோக்சோன் உடம்பில் ஏறுவது மிகவும் குறைவு, கரைத்து ஊசியாகப் போடுகிறவர்களைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. திடீர் வித்டிராயலைக் கொண்டுவருவது பியூப்ரினார்பினேதான். இதைப் புரிந்துகொள்ளாமல் 'நாலோக்சோன் இல்லாத மாத்திரைதானே, பரவாயில்லை' என்று சீக்கிரமே போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மாத்திரை கசக்கும். விழுங்கினால் பெரும்பகுதி வீண், அது கரையும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: வாயில் கரைக்கும் பியூப்ரினார்பினால் பல் சொத்தை, ஈறு பிரச்சினை வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 ஜனவரியில் எச்சரித்தது. கரைந்து முடிந்ததும் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லாத இடங்களும் உண்டு.

எதிர்த் திசையில் போவது சுலபம். பியூப்ரினார்பின் ஒத்துவரவில்லை என்றால் காத்திருக்காமலேயே மெத்தடோனுக்குத் திரும்பலாம். ஓபியாய்டு வேலை செய்யவே விடாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்துக்குப் போவதுதான் கடினம். இந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்குள் உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடும், அப்போது வழுக்கி விழுந்தால் பழைய அளவே உயிரை எடுத்துவிடும்.

நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான், நானும் மாறலாமாடா என்று. ஏன் என்றேன். 'எத்தனை நாளைக்கு அந்த மெத்தடோன் தண்ணியைக் குடிப்பே' என்று வீட்டில் கேட்கிறார்களாம். அவனுக்கு ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, வேலைக்குப் போகிறான், பழைய பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. இருக்கிறபடியே இருடா, வேண்டுமானால் அடுத்த தடவை டாக்டரிடம் வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போ என்றேன்.