வழங்கிகளின் அமைவை எழுத்தில் வைத்தல்: மட்டக்களப்பு நாட்குறிப்பு

2025 செப்டெம்பர் 6

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய கிளைகளில் உள்ள எங்கள் வழங்கிகள் (சேவைக் கணினிகள்) யாவும் டெபியன் என்னும் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பில் இயங்குகின்றன. ஓகஸ்ட் 9ஆம் திகதி டெபியன் 13 வெளியாகிவிட்டதால், மாரி தொடங்குமுன் அவற்றை மேம்படுத்த விரும்புகிறேன். ஆனால் எந்த வழங்கியில் யார் என்ன மாற்றம் செய்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. அறிந்தவர்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். ஆகவே மேம்படுத்தலுக்கு முன்பே அமைவுகளை எழுதிவைக்கும் வேலையைத் தொடங்குகிறேன்.

செப்டெம்பர் 8

ஒரு கணினி எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதிவைத்தால் போதும், அந்த நிலைக்குக் கொண்டுசேர்ப்பது கருவியின் பொறுப்பு என்னும் எண்ணத்தை 1993இல் ஒஸ்லோவில் சிஎஃப்என்ஜின் என்னும் அமைவுக் கருவியைத் தொடங்கிய மார்க் பர்கெஸ் வளர்த்தெடுத்தார். 2005இல் வந்த பப்பெட் என்னும் கருவி, ஒவ்வொரு வழங்கியிலும் பின்னணியில் இயங்கும் ஒரு முகவர் நிரலை வைத்து, வழக்கமாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையைச் சரிபார்க்கிறது. 2012இல் வெளியான அன்சிபிளுக்கு முகவர் தேவையில்லை. எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பும் மறுமுனையில் பைத்தன் நிரல்மொழியும் இருந்தால் போதும். பழைய வழங்கிகளில் புதிதாக எதையும் நிறுவாமலே தொடங்கலாம் என்பதால் அதையே தெரிவுசெய்தேன். அது ஜிபிஎல் 3 என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியாவதும் எனக்கு முக்கியமானது.

செப்டெம்பர் 14

மாற்றம் எதையும் செய்யாமல், செய்தால் என்ன மாறும் என்பதை மட்டும் காட்டும் சோதனை ஓட்டத்தை எல்லா வழங்கிகளிலும் நடத்தினேன். களுவாஞ்சிக்குடி வழங்கி நேரத்தை வேறொரு மூலத்திலிருந்து பெற்றுக்கொண்டிருந்தது. கல்முனையில் எவரும் பயன்படுத்தாத ஒரு துறை (வலையமைப்பு வாயில்) தீச்சுவரில் திறந்தே கிடந்தது. வேறு பயன் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு காட்சிக்காகவே கருவியை வைத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பணியை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு மாறாதிருப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. கையால் தட்டச்சிடும் ஷெல் கட்டளைகளை அப்படியே பிளேபுக்கில் (அன்சிபிள் செய்யவேண்டிய பணிகளை எழுதிவைக்கும் கோப்பில்) ஒட்டினால் அந்தக் குணம் போய்விடும், சோதனை ஓட்டமும் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். ஆதலால் பொதி (நிறுவும் மென்பொருள்), கோப்பு, சேவை ஆகியவற்றுக்கென அன்சிபிளில் உள்ள தனித்தனி மொடியூல்களையே பயன்படுத்துகிறேன்.

செப்டெம்பர் 21

எஸ்எஸ்எச் அமைவில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தினேன். இந்தக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை நுழைந்தாலும் வழங்கிக்கான வழி அடைபட்டு, ஏ4 வீதியில் அக்கரைப்பற்று வரை நேரில் போகவேண்டியிருக்கும். மாதிரியிலிருந்து இந்தக் கோப்பை உருவாக்கும் வார்ப்புருப் பணியில் சரிபார்க்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்தால், புதிய கோப்பை எஸ்எஸ்எச் சேவையே முதலில் படித்துப் பார்க்கும். பிழை இருந்தால் பழைய கோப்பு இருந்தபடியே இருக்கும். சேவையை மறுதொடக்கம் செய்வதையும் ஹாண்ட்லரிடம் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் பணியிடம்) விட்டிருப்பதால், கோப்பு உண்மையிலேயே மாறினால்தான் அது நடக்கும்.

ஒக்டோபர் 3

"காலையில இருந்து கரண்ட் வந்து வந்து போகுது, அண்ணன்" என்று அக்கரைப்பற்றிலிருந்து தம்பி சொன்னார். இங்கிருந்து நான் ஓட்டும் நேரத்தில் அந்த வழங்கி அணைந்திருந்தால் மாற்றம் அதற்குப் போய்ச் சேராது. அதற்கு மட்டும் அன்சிபிள் புல் (இழுக்கும்) முறையை அமைத்தேன். வழங்கி எழுந்ததும், பிறகு மணிக்கொரு முறையும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கைத் தானே இழுத்துத் தன்மீது செயற்படுத்திக்கொள்ளும். மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கு இதுவே பொருந்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒக்டோபர் 11

கல்முனை வழங்கி டெபியன் 13க்கு மாறியது. இப்பதிப்பில் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு இயல்பாகவே நினைவகத்தில் அமைகிறது. அங்குள்ள அறிக்கை நிரலோ பெரிய தற்காலிகக் கோப்புகளை அந்த அடைவில்தான் எழுதுகிறது. அந்த வழங்கியில் மட்டும் அவ்வடைவு வட்டிலேயே இருக்கும்படி ஒரு பணியைச் சேர்த்து, காரணத்தையும் அதன் மேலேயே குறிப்பாக எழுதிக் கிட்டில் பதிந்தேன். அடுத்ததாக அக்கரைப்பற்று வழங்கியை மேம்படுத்தவேண்டும்.