வளவுக்குள் ஒரு வீணை

பிப்ரவரி 5, கானாடுகாத்தான்

அறுபதாம் கல்யாணத்துக்கு வீணைக் கச்சேரி. இடம் பார்க்கப் போயிருந்தேன். வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்) நின்று ஒரு தடவை கை தட்டினால், சத்தம் தூண் தூணாகச் சுற்றிவிட்டு வருகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல், ஆளுயரக் கண்ணாடி, எல்லாமே வழவழப்பு. முற்றத்துக்கு மேல் தகரக் கூரை வேறு. பார்க்க அழகுதான், மைக் செட்காரனுக்குத் தலைவலி.

ஜமக்காளம் கேட்டேன். "உட்காரத்தான் நாற்காலி கிடக்கே?" என்றார் ஆச்சி.

"சுவத்துல தொங்கவிட, ஆச்சி."

ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் 11 ஜமக்காளம் எடுத்துத் தந்தார், எண்ணி.

பிப்ரவரி 6, காரைக்குடி

ஒயர் பிரித்துக்கொண்டிருந்தேன், மாமா நினைவு. அவரிடம் ஒயர் தூக்கிய வயதில் கேட்டதுதான் குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும். ஊர் கைதட்டும், மாமாவுக்கு வேர்க்கும். ஏனென்றால் வயலின் மைக்கிலேயே தவிலும் ஏறிவிடும். வயலினைக் கூட்டினால் தவிலும் கூடவே எழும். மைக்கின் முதுகைத் தவில் பக்கம் திருப்பி, வயலினுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதுதான் வழி. "தவிலுக்கு முன்னால நிக்கிற மைக் சும்மா பார்வைக்குடா" என்பார் மாமா. அந்த மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 7, இரவு

முடிந்தது. தரையில் ஊன்றுகிற பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் வண்டியிலேயே விட்டுவிட்டேன். சின்ன பாக்ஸ் நாலு, ஆட்கள் பக்கத்திலேயே, தணிவாக. தூரத்திலிருந்து கத்தவிட்டால் இந்த வீடு திருப்பிக் கத்தும்.

வீணைக்கு, உடம்பிலேயே ஒட்டும் கான்டாக்ட் மைக். 250 ஹெர்ட்ஸ் பக்கம் வீணைக் குடம் ஊளையிட ஆரம்பித்தது. அதை மட்டும் இறக்கினேன். மானாமதுரை கடத்துக்கு ஒரு மைக், வாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி. மக்கள் வந்து உட்கார்ந்ததும் எதிரொலி பாதி அடங்கியது. நல்ல உறிஞ்சி பட்டுப்புடவைக் கூட்டம்தான்.

காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி. மைக் இல்லாத காலத்திலேயே சபையைக் கட்டிப்போட்ட மீட்டு அது. இன்று வாசித்த அம்மா கச்சேரிக்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மீட்டு கேட்டாப் போதும், பேஸ் வேண்டாம்." இப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் இலவசமாகக்கூட வேலை பார்ப்பேன். (வீட்டம்மா இதைப் படிக்கக் கூடாது.)

பிப்ரவரி 9

மிருதங்க வித்வான் காரைக்குடி மணி போனது 2023 மே மாதம். அவருக்கு நான் ஒரு தடவைகூடச் சவுண்ட் பார்த்ததில்லை, கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டதுதான். அவர் தொப்பிப் பக்கம், அதாவது இடது முகத்தில், இழுக்கும் கும்கியை, அந்த வளைந்து எழும் நாதத்தைக் கேட்ட பிறகுதான், மிருதங்கம் என்றாலே பேஸை ஏற்றும் என் கைப்பழக்கம் விட்டது. ஏற்றினால் கும்கி வெறும் 'தும்' ஆகிவிடும். அந்த வளைவு கேட்காது.

சரி, ஆச்சி போன் பண்ணினார். ஜமக்காளம் பத்துதான் வந்திருக்கிறதாம். வண்டியைத் திறந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி நானேதான் கட்டி வைத்திருக்கிறேன்.