டோப்போ ஷீட்டில் குழி தேடிய கதை

2021 மழையில் திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணறு, நாள்கணக்கில் வெள்ளத்தைத் திருப்பி விட்டும் நிரம்பாமல் குடித்துக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கும். ஐஐடி மெட்ராஸ் ஆட்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் என்றார்கள். எனக்குப் பிடித்த கிறுக்கு வேறு. மைலுக்கு ஒரு அங்குலம் என்று வரைந்த பழைய சர்வே ஷீட்டில் (டோப்போ ஷீட், மேடுபள்ளம் காட்டும் வரைபடம்), அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து மேலே குழி விழும் இந்த மாதிரி இடம் தெரியுமா?

ஷீட் எண் 58 எச்/15. ஸ்கேன் கிடைத்தது, மடிப்பு சரியாக எங்கள் ஊர் மேலேயே. கண் பழகட்டும் என்று முதலில் அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகைப் பக்கத்து ஷீட்டை இறக்கினேன் (அவர்களுடையது இலவசம்). அங்கே குழி என்றால் மூடிய சமஉயரக் கோடு (ஒரே உயரத்து இடங்களைச் சேர்க்கும் கோடு), அதில் உள்பக்கம் பார்த்துக் குட்டிக் குட்டிப் பல். தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. அதே கண்ணோடு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் ஒரு பல்கூட இல்லை.

ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, நம் ஷீட்டில் கோட்டுக்குக் கோடு 50 அடி உயர வித்தியாசம், பத்தடிப் பள்ளமெல்லாம் நடுவிலேயே காணாமல் போய்விடும்.

சரி, ஓடைகளைக் காட்டும் நீலக் கோடுகளைப் பார்ப்போம் என்று ஷீட்டை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். ஓரத்து அட்சரேகை எண்களை அப்படியே கொடுத்ததில் குளம் ரோட்டில் ஏறி நின்றது. பூமியின் வடிவத்துக்குப் பழைய ஷீட் எவரெஸ்ட் என்ற கணக்கு, இன்றைய ஜிபிஎஸ் வேறு கணக்கு. அப்புறம் கோயில், குளக்கரை முனை, மறுகால் என்று இன்றைய படத்திலும் இருக்கும் எட்டு இடத்தைப் பிடித்து ஷீட்டை உட்கார வைத்தேன். ரோட்டை மட்டும் நம்பாதீர்கள், அதை எத்தனை தடவை மாற்றிப் போட்டார்களோ.

ஒரு ஓடை, எந்தக் குளத்திலும் சேராமல் பாதியில் நின்றிருந்தது. குழிக்குள் இறங்குகிறதோ? தேரி மணலில் (எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு) மறையும் ஓடையும் படத்தில் இப்படித்தான் இருக்கும் என்பதால் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். உடைமரங்களுக்கு நடுவே தாழ்ந்த இடம். "ஏலே, எம்புட்டு மழ பேஞ்சாலும் மறுநா இங்க சகதிதான் கெடக்கும்" என்றார். கடப்பாரை போட்டதில் முக்கால் அடியில் சிவப்பு மண் முடிந்து வெளுத்த கல். கொஞ்சம் சுரண்டி வினிகர் விட்டேன், நுரைத்தது. சுக்கானும் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்புக் கட்டி) இப்படி நுரைக்கும், அதனால் இதை வைத்துக் குகை என்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அங்கே ஒரு அளவுகோல் நட வேண்டும். சித்தப்பா ஏற்கெனவே பனங்கம்பு வெட்டி வைத்துவிட்டார்.