தொற்றுநோய்ப் பிரிவு: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, 2024, திங்கள்

தொற்றுநோய் மருத்துவப் பிரிவின் தலைமைப் பொறுப்பை இன்று ஏற்றேன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இத்துறையைத் தேர்ந்தெடுத்தபோது, "இதய மருத்துவருக்கு இதயம், சிறுநீரக மருத்துவருக்குச் சிறுநீரகம், உனக்கு எந்த உறுப்பு?" என்று உடன் படித்த ஒருவர் கேலியாகக் கேட்டார். எல்லா உறுப்புகளும் என்று சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை. என்னை இங்கே இழுத்து வந்தது எச்.ஐ.வி. வார்டுதான். 1996-ஐ ஒட்டி மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தபோது, இறப்புச் சான்றிதழ் எழுதியே பழகியிருந்த நாங்கள், எழுந்து நடந்த நோயாளிகளுக்கு அடுத்த மாதத் தேதி எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம்.

மார்ச் 6, புதன்

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக் குழு கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் இம்மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்துவருகிறது. மெரோபெனம் அதில் கண்காணிப்புக்குரிய வகையில் இருக்கிறது. கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவைப் பார்த்து மறுபரிசீலனை செய்யாமல் அதை மூன்று நாளுக்கு மேல் தொடரக்கூடாது என்றேன். மாலையில் வந்த கூட்டக் குறிப்பில், நான் பேசியது "மேடம் கவலை தெரிவித்தார்" என்றும், எனக்குப் பின் அதையே வழிமொழிந்த ஆண் மருத்துவர் பேசியது "டாக்டர் பரிந்துரைத்தார்" என்றும் பதிவாகியிருந்தன. திருத்தி அனுப்பினேன். கவலையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எந்த வார்டுக்கும் இல்லை அல்லவா?

மார்ச் 7, வியாழன்

அறுவைசிகிச்சை வார்டில் ஒருவருடைய ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நரம்பில் போட்டிருந்த குழாயை அகற்றச் சொன்னோம். மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்று தெரிந்ததும் வான்கோமைசினை நிறுத்திச் செஃபசோலினுக்கு மாற்றினோம். இவ்வகைக்கு வான்கோமைசின் இரண்டாந்தரம்தான் என்றாலும், "பெரிய மருந்தை ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்ற கேள்விக்கு இன்றும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

பயிற்சி மருத்துவர்களுக்கான உரையைத் தயாரிக்கையில் டாக்டர் சுனிதி சாலமன் பற்றி எழுத உட்கார்ந்தேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த அவர், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்க வாய்ப்பில்லை என்று பலரும் நம்பிய காலத்தில், அதைத் தேடும் வேலையை நிர்மலா என்ற முதுகலை மாணவிக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். 1986-ல் அந்த மாணவி சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென்றே ஒய்.ஆர்.ஜி. மையத்தை அவர் தொடங்கினார், 2015-ல் மறைந்தார், பத்மஸ்ரீ 2017-ல் வந்தது. விருதைவிட என்னை நிறுத்தி வைப்பது அந்த ஆய்வுத் தலைப்பு. பதில் "இல்லை" என்று வந்திருந்தால் மாணவியின் உழைப்பு கவனிக்கப்படாமல் போயிருக்கும், "இருக்கிறது" என்று வந்தால் எதிர்ப்பு முழுவதும் பேராசிரியர் மீது விழும். தெரிந்தேதான் கொடுத்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

மார்ச் 15, வெள்ளி

இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். 7-ஆம் தேதி பார்த்த அந்த நோயாளிக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது, மார்பின் மேலிருந்து எடுத்த எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) சரியாக இருந்தது. படுக்கை காலியாக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர, பதினான்கு நாள் சிகிச்சை போதும் என்று செவ்வாயன்று கையெழுத்திட்டேன். 11-ஆம் தேதி எடுத்த கல்ச்சரின் முடிவு அப்போது வரவில்லை. வந்தபோது கிருமி இன்னும் வளர்ந்திருந்தது. அதைப் பார்த்த இளநிலை மருத்துவர் நேற்று என் அறைக்கு வந்து, "மேடம், நான்கு நாள் மருந்துக்குப் பிறகும் வளர்கிறதே, உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்காமல் பதினான்கு நாள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். எத்தனை ஆண்டுகளாக நானே மற்றவர்களிடம் சொல்லிவரும் வாக்கியம் அது!

இன்று எடுத்த எக்கோவில் இதய வால்வில் தொற்றுத் திட்டு தெரிந்தது. பதினான்கு நாள் ஆறு வாரமானது. அதுவும் கல்ச்சர் முதன்முதலில் சுத்தமாக வந்த 13-ஆம் தேதியிலிருந்து. காலைக் கூட்டத்தில் முதல் முடிவு யாருடையது, அதைத் திருத்தியவர் யார் என்பதை நானே சொன்னேன். அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் 24, புதன்

ஆறு வாரம் இன்று முடிந்தது. வால்வு தாங்கியிருக்கிறது, அறுவைசிகிச்சை தேவைப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும் குறிப்பை அந்த இளநிலை மருத்துவரே எழுதினாள்.

இம்மாதம் முதல் தேதியிலிருந்து, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு இரவில் அனுமதி தரும் அதிகாரத்தை இளநிலை மருத்துவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். நேற்றிரவின் இரண்டு மெரோபெனம் படிவங்கள் மேசையில் இருக்கின்றன. இரண்டிலும் அவளுடைய கையெழுத்து. அவற்றில் ஒன்றை நான் மறுத்திருப்பேன். காரணத்தை நாளை காலை அவளிடம் கேட்க வேண்டும்.